கோ. காசிமாயன், க. காசிமாயன்

பொன்னுமணி வாக்கப்பட்டுப் போன வகையறாவில் மூத்த ஆண் பிள்ளைக்குப் பெயர் யோசிக்கிற வேலை கிடையாது. காசிமாயன் என்று சாமி பெயரை வைத்துவிடுவார்கள். அண்ணன் வீட்டில் ஒரு காசிமாயன், தம்பி வீட்டில் ஒரு காசிமாயன், பங்காளி வீட்டுக்கு வீடு ஒரு காசிமாயன். ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தலில் நின்றுகொண்டு "ஏய் காசி" என்று சத்தம் கொடுத்தால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதனால் ஊரில் அப்பன் பெயரைச் சேர்த்தே சொல்வது வழக்கம். கோட்டைச்சாமி மகன் காசி, கன்னையன் மகன் காசி. அப்படிச் சொல்லிவிட்டால் ஆள் மாறாது.

ஆள் மாறியது இங்கிலீஷில் எழுதியபோதுதான்.

பொன்னுமணியின் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி மகன். தமிழில் கோ. காசிமாயன். அவருக்குப் பங்காளி முறையில் தம்பி ஒருவன், கன்னையன் மகன், க. காசிமாயன். கோவும் கவும் வேறு வேறு எழுத்து, பார்த்தாலே தெரியும். இங்கிலீஷில் இரண்டு பேருக்கும் ஒரே கே. சங்கத்து மெயிலில் முகவரி இங்கிலீஷில்தான் இருக்கிறது. முதல் எழுத்து, ஒரு புள்ளி, பெயர். அப்படித்தான் எல்லாருக்கும்.

சங்கம் என்பது மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து நடத்துவது. தலைமை அலுவலகம் கீழே போடியில். மலை அலுவலகம் போடிமெட்டைத் தாண்டி மேலே. பொன்னுமணி காலேஜில் கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு டைப் அடிக்கிற வேலைக்கு வந்தவள். சர்வர் வைத்துக்கொடுத்த மதுரைக்காரர்கள் வேலை முடிந்து போனபிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "நீதானம்மா இதுக்குன்னு படிச்ச புள்ள, நீயே பாத்துக்க" என்று செயலாளர் ராக்கையா பின்கட்டு அறையின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டார். பிறகு அது அவள் வேலையாகவே ஆகிவிட்டது. தெரியாததை மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டாள்.

புது ஆள் சேர்ந்தால் முகவரி உண்டாக்க வேண்டும். விலகிப் போனால் எடுக்க வேண்டும். எந்த மெயில் எந்தப் பெட்டியில் போய் விழ வேண்டும் என்று சர்வருக்கு வழி எழுதி வைக்க வேண்டும். டீ கொண்டுவரும் சுப்புத்தாய் ஒருநாள், "என்னத்தா பண்ற இந்தக் குளிர் ரூம்புல, நாள் பூராவும்?" என்று கேட்டபோது பொன்னுமணி சொன்னாள்: "காய் சலிக்கிற மாதிரித்தான் சுப்புத்தாயக்கா. வெளியூருக்குப் போற மெயிலு சல்லடைக்கு மேல நின்னுக்கிரும், அது வாசல் வழியா வெளிய போயிரும். சங்கத்துக்குள்ள அனுப்புறது கண்ணு வழியாக் கீழ விழுந்து அவுகவுக பெட்டியில சேரும். மலை ஆபீசுக்குள்ளது மட்டும் தனியா மேல ஏறும். லைன் இல்லைன்னா வரிசையில நின்னு, வந்தப்பறம் ஏறும்."

"பேரு தப்பா எழுதிட்டா?"

"அப்படி ஒரு ஆளு இல்லைன்னு அனுப்புனவுகளுக்கே திரும்பிப் போயிரும்."

"எம்மகளக் கட்டிக் குடுத்த வீட்டுல இம்புட்டு ஒழுங்கு இல்ல" என்றபடி சுப்புத்தாய் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அவள் வீட்டுக்காரர் காசிமாயன் மலை அலுவலகத்தில் களப்பணி பார்த்தார். தோட்டம் தோட்டமாக ஜீப்பில் போய், ஏலச்செடியின் தட்டையில் அழுகல் விழுந்திருக்கிறதா, எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்று பார்த்து எழுதுவார். சனிக்கிழமை கீழே இறங்கினால் திங்கட்கிழமை மேலே ஏறிவிடுவார். அவர் தங்கியிருந்த பக்கம் போனில் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் நாள்கணக்கில் வராது. அலுவலகத்தில் மட்டும் நெட் உண்டு. அதனால் புருசனும் பெண்டாட்டியும் சங்கத்து மெயிலில்தான் பேசிக்கொண்டார்கள். அவர் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பார். மழை, ஜீப்பு வரல, நாளைக்கு வர்றேன், நீ சாப்பிட்ரு. அவ்வளவுதான் இருக்கும். 'ழ'வுக்கு எந்த எழுத்தைப் போடுவது என்று அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஒரு மெயிலில் மழை என்பது மலை ஆகிவிடும், மறு மெயிலில் மலை மழையாகிவிடும். இரண்டும் ஒன்றுதானே அங்கே என்பார்.

ராக்கையா கிண்டல் செய்வார். "ஏம்மா பொன்னுமணி, சங்கத்து சர்வர்ல குடும்பம் நடத்துறீங்களா ரெண்டு பேரும்? வாடகை கேக்கப்போறேன் பாத்துக்க."

பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊரில் பேசுகிறவர்கள் பேசினார்கள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஆடிச் சாரலில், தோட்டத்துக்குள் போகிற மண்பாதையில் ஜீப்பு உருண்டது. ஓட்டினவர் குதித்துத் தப்பிவிட்டார். காசிமாயன் தப்பவில்லை.

பதினாறு முடிந்து பொன்னுமணி வேலைக்கு வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. ராக்கையா மட்டும் அவள் மேசைக்கு வந்து நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த முகவரி ஒன்னு இருக்கும்மா. மெதுவா எடுத்தாப் போதும், ஒன்னும் அவசரமில்ல" என்றார்.

"எடுத்தர்றேன் சார்."

எடுக்கவில்லை. அது ஒரு நிமிச வேலை. பெயரைத் தொட்டு, நீக்கு என்று அழுத்தினால் முடிந்தது. பொன்னுமணி எத்தனையோ பேரை அப்படி எடுத்திருக்கிறாள். ரிட்டயர் ஆனவர்கள், துபாய்க்குப் போனவர்கள், ராக்கையாவுடன் சண்டை போட்டுவிட்டு நின்றுபோனவர்கள். இந்த ஒரு பெயரில் மட்டும் கை நின்றுவிட்டது.

காலையில் வந்ததும் சர்வரைத் திறந்து பெட்டிகளின் வரிசையைப் பார்ப்பது அவள் வேலை. யார் பெட்டி நிறைந்துவிட்டது, யாருடையது அடைத்துக்கொண்டது என்று பார்க்க வேண்டும். அதில் காசிமாயன் பெயருக்கு நேரே, திறக்காத மெயில்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. மலை ஊழியர் எல்லாருக்கும் போகிற சுற்றறிக்கை, மழைக் கணக்கு, மருந்துக் கம்பெனி விளம்பரம், அன்றைய ஏலத்தில் காய் போன விலை. எல்லாம் அவர் பெட்டியிலும் வந்து விழுந்தன. பொன்னுமணி எதையும் திறக்க மாட்டாள். வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். வந்திருக்கும். இத்தனை வேலை வந்து குவிகிற ஒரு ஆள் எப்படி இல்லாமல் போவார் என்று அந்த நேரத்துக்குத் தோன்றும். பிறகு வரிசையை மூடிவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பாள்.

வெளியூரிலிருந்து போன் வரும். மருந்துக் கம்பெனிக்காரன் எவனாவது, "காசிமாயன் சார் இருக்காரா?" என்பான். தவறிட்டாரு என்று சொல்ல வேண்டும். ஊரில் எல்லாரும் சொல்கிற சொல்தான். செத்துப்போனார் என்று சொல்ல வாய் வராதவர்களுக்காக இருக்கிற சொல். அவளுக்கு அதுவும் வரவில்லை. "அவரு மலையில இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பாள். எரித்த இடம் கீழே, மயானக்கரையில். ஆனாலும் மலையில் இருக்கிறார் என்று சொன்னால் பொய் சொன்ன மாதிரி இருக்காது.

இந்த வருசம் சித்திரையில் அந்த இடத்துக்கு ஆள் போட்டார்கள். கன்னையன் மகன் காசிமாயன். விவசாயம் படித்தவன், மலையில் முன்பே ஒரு எஸ்டேட்டில் வேலை பார்த்தவன். ராக்கையாவுக்கு ஒரே சந்தோசம்.

"பேரும் அதே, இனிசியலும் அதே! பாஸ்வேர்டை மட்டும் மாத்திக் குடுத்துரும்மா. சீல்கூடப் புதுசா வெட்ட வேணாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலை மிச்சம் என்றுதான் சொன்னார். பொன்னுமணி தலையை ஆட்டிவிட்டுப் பின்கட்டு அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

கதவைத் தட்டிவிட்டுச் சின்னவன் காசிமாயன் உள்ளே வந்தான். மலைக்குக் கிளம்புகிற கோலத்தில், தோளில் பையோடு நின்றான்.

"மதினி."

"வா தம்பி. இந்தா, ஒரு நிமிசம். உனக்குப் பாஸ்வேர்டு..."

"எனக்கு வேற முகவரி போட்டுக் குடுங்க மதினி. அது அண்ணனுது."

பொன்னுமணி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. சர்வரில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"செயலாளர்ட்ட நான் சொல்லிக்கிறேன். அண்ணன் சட்டையக்கூட நான் போட்டதில்ல. அவரு பேருல வர்றத நான் எப்படித் தொறந்து படிக்கிறது?"

கே ஏற்கெனவே இருக்கிறது என்பதால் கன்னையன் என்பதன் முதல் மூன்று எழுத்தைப் போட்டுப் புது முகவரி உண்டாக்கினாள். கே, ஏ, என். அவன் குனிந்து திரையைப் பார்த்தான்.

"கன்னா? மலையில பன்னி விரட்டத் துப்பாக்கி குடுத்த மாதிரில இருக்கு."

பொன்னுமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ராக்கையா ஒத்துக்கொண்டார். "சரி, அப்பப் பழைய முகவரிக்கு வர்றதையெல்லாம் புதுசுக்குத் திருப்பிவிட்டுரு. மேல இருக்கிறவங்க பழக்கத்துல அதுக்குத்தான் அனுப்புவாங்க."

"திருப்பிவிட்டர்றேன் சார்."

அதுவும் ஒரு வரி எழுதுகிற வேலைதான். ஆனால் திருப்பிவிட்டால் அவர் பெட்டியில் எதுவும் விழாது. காலையில் திறந்து பார்த்தால் நேற்றைய எண்ணிக்கையே நின்றுகொண்டிருக்கும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டாள். மறுநாளும் அப்படியே விட்டாள். புது முகவரி எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, மலைக்கு மெயில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பழையதை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தாள்.

ஆனி பிறந்ததும் முன்மேசைக்குப் பானுப்பிரியா என்று ஒரு புதுப்பெண் வந்தாள். துறுதுறுப்பான பெண், எதையும் வெரசாகச் செய்துவிடுவாள். யாரையும் காக்கவைக்க மாட்டாள்.

அந்த மாதக் கடைசியில் மழை கொட்டியது. மலையில் இரண்டு நாளாக டவர் இல்லை. கரண்ட் போனால் சர்வரைத் தாங்குகிற பேட்டரி கெட்டுவிட்டதால் பொன்னுமணி அன்று மதுரைக்கு ரயிலேறியிருந்தாள். பின்னால் பானு சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. மத்தியானத்துக்கு மேல் ஒரு ஆள் நனைந்துகொண்டு முன்மேசைக்கு வந்திருக்கிறார். சுந்தரம்மாள் என்கிற அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, மூச்சு இழுக்கிறது. ஒரே மகள் மலையில் சங்கத்து உறுப்பினர் தோட்டம் ஒன்றில் காய் எடுக்கிறாள், பேர் அன்னக்கொடி. போன் போகவில்லை. வந்தவர் சுந்தரம்மாளின் அண்ணன் மகன்.

"மகளக் கேட்டுக்கிட்டே கெடக்கு எங்க அத்தை. எப்படியாச்சும் சொல்லிவிடுங்க தாயி."

பானு உடனே உட்கார்ந்து மலை ஆபீசருக்கு மெயில் எழுதினாள். அவசரம் என்று தலைப்பிட்டு, எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடு, ஜீப்பு வைத்துக் கீழே அனுப்பவும் என்று எல்லாம் சரியாக எழுதினாள். பெறுகிறவர் இடத்தில் கே என்று அடித்ததும் பெயர்கள் வரிசையாக இறங்கின. மேலே நின்றதைத் தொட்டாள். மெயில் போயிற்று. திரும்பி வரவில்லை.

"போயிருச்சுண்ணே. இருட்டுறதுக்குள்ள எறக்கி விட்டுருவாங்க" என்று சொல்லி அவரை அனுப்பினாள்.

மறுநாள் காலையில் பொன்னுமணி வழக்கம்போலப் பெட்டிகளைப் பார்த்தாள். காசிமாயன் பெயருக்கு நேரே எண்ணிக்கை கூடியிருந்தது. மேலே அவசரம் என்று இருந்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் அவசரம் என்று எழுத மாட்டார்கள். அவர் போனபிறகு முதல்முறையாக அவர் பெட்டியில் ஒரு மெயிலைத் திறந்தாள்.

படித்துவிட்டு முன்மேசைக்கு ஓடினாள்.

"பானு, இத யாருக்கு அனுப்புன?"

"மலையில இருக்கிற காசிமாயன் சாருக்குக்கா."

"எந்தக் காசிமாயன்?"

பானு விழித்தாள். "உங்க வீட்டுக்காரருக்குத்தானக்கா. போன்ல கேக்கிறவங்களுக்கெல்லாம் நீங்கதான சொல்வீங்க, அவரு மலையில இருக்காருன்னு."

கூட்டிக்கொண்டிருந்த சுப்புத்தாய் விளக்குமாற்றை அப்படியே நிறுத்தினாள். பொன்னுமணி உள்ளே போய் அந்த மெயிலைச் சின்னவனின் முகவரிக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "இப்பத்தான் பாக்குறேன் மதினி. இந்தா கூட்டிட்டுக் கிளம்புறேன்."

அவள் குடையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சுந்தரம்மாள் விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தாள். தகரத் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன, பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மகன் வாசலில் நின்றார்.

"மக வந்துக்கிட்டிருக்கு. கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றாள் பொன்னுமணி.

"பொறுத்துத்தான தாயி நிக்கிறோம். ராத்திரி பூராம் கொடி வந்துட்டாளா, கொடி வந்துட்டாளான்னு கேட்டுச்சு. வர்றா, ஜீப்புல வர்றான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்தப் பொண்ணு மெயிலு போயிருச்சுன்னு சொன்னதால தைரியமாச் சொன்னேன்."

மத்தியானம் வரை வைத்திருந்தார்கள். மலைப்பாதையில் மரம் சாய்ந்து வண்டிகள் நிற்கின்றன என்று தகவல் வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தார்கள். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் மயானத்தில் விறகு எரியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். எடுத்துவிட்டார்கள்.

ஜீப்பு வந்து நின்றபோது தாழ்வாரத்தில் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்னக்கொடி முன் சீட்டிலிருந்து இறங்கினாள். தோட்டத்தில் மழைக்கு இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் படுதாவை அவிழ்க்காமலே வந்திருந்தாள். கழுவுகிற தண்ணீரைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். சின்னவன் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

அழுது ஓய்ந்து, பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்தபிறகு, பொன்னுமணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்னக்கொடி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க எங்க ஆபீசரண்ணே சம்சாரம்ல?"

"ஆமா."

"எங்க லயத்துக்கு ஒருக்கா வந்திருக்கீக. கட்டன்சாயா போட்டுக் குடுத்தேன்." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "நேத்தே சொல்லிவிட்டாகளாம். எங்கிட்ட வந்து சேரலையே தாயி."

"வந்துச்சு. வேற பெட்டியில விழுந்துருச்சு."

"யாரு பெட்டியில?"

"எங்க வீட்டுக்காரரு பெட்டியில."

அன்னக்கொடிக்குப் புரியவில்லை. "அண்ணன்தான் தவறிப்போனாகளே."

பொன்னுமணி தலையை ஆட்டினாள்.

"தவறிப்போனவுக பெட்டிய எதுக்குத் தாயி தொறந்து வச்சிருந்தீக?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். கோபத்தில் கேட்டிருந்தால் பொன்னுமணி ஏதாவது சொல்லியிருப்பாள். மன்னிச்சிரு என்றாவது சொல்லியிருப்பாள். ஈரத்தரையில் படுதாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவுக இருந்திருந்தா நேத்து மழையோட மழையா ஏத்திக் கொண்டாந்து விட்டிருப்பாக" என்று அன்னக்கொடி தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "எங்காத்தா மொகத்தப் பாத்து வருசம் ஒன்னாகப்போகுது. தீவாளிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தேன்" என்றாள். பிறகு மறுபடி அழத் தொடங்கினாள். பொன்னுமணியும் அழுதாள். அந்தத் தெருவில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. சாவு வீடு. யார் யாருக்காக அழுகிறார்கள் என்று சாவு வீட்டில் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் ராக்கையா பானுவைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பானு கண் கலங்கி நின்றாள். பொன்னுமணி உள்ளே போனாள்.

"அந்தப் பிள்ளைய ஏசாதீங்க சார். நீங்க ரெண்டு வாட்டி சொன்னீங்க, நான்தான் செய்யல. அது இல்லாத பெட்டியா இருந்திருந்தா மெயிலு அப்பவே திரும்பி வந்திருக்கும். வேற ஆளுக்கு அனுப்பியிருப்பா."

ராக்கையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டிக்கொண்டு, "திரும்பி வர்றது இங்கிலீசுல வருது, மேல ஒருத்தருக்கும் வெளங்குறதில்ல. தமிழ்ல ஒரு வரி போட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"முடியும் சார்."

பின்கட்டு அறையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். திறக்காத மெயில்கள் பக்கம் பக்கமாக இருந்தன. எல்லாம் அவருக்கு வந்தவை. அவர் எழுதினவை அவள் பெட்டியில் இருக்கின்றன, அவை எங்கும் போகப்போவதில்லை. இருந்தாலும் நீக்கு என்பதை அழுத்தியபோது, நிச்சயமாகவா என்று சர்வர் கேட்டது. அது எல்லாருக்கும் கேட்பதுதான். வரிசையில் அவர் பெயர் இருந்த இடத்தில் கீழே இருந்த பெயர் ஏறி நின்றுகொண்டது.

அடுத்து அந்த ஒரு வரி. அந்த முகவரிக்கு யாராவது எழுதினால் அவர்களுக்குத் திரும்பிப் போகிற வரி. முகவரி தவறு என்று அடித்தாள். எல்லா இடத்திலும் அப்படித்தான் போடுவார்கள். திரையில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகவரியில் ஒரு தவறும் இல்லை. புள்ளி, எழுத்து எல்லாம் சரியாக, அவள் கையால் உண்டாக்கிக் கொடுத்த முகவரி. இதைப் படிக்கிறவர்கள், எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டோம்போல என்று திரும்பவும் அதற்கே அனுப்புவார்கள்.

அடித்ததை அழித்தாள். விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே சுப்புத்தாய் யாரிடமோ ஏலக்காய் விலை பேசிக்கொண்டிருந்தது கேட்டது. ஒரு லோடு வண்டி தெருவில் போயிற்று. பிறகு தமிழில், ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

கோ. காசிமாயன் தவறிவிட்டார். மலை அலுவலகச் சோலிகளுக்கு க. காசிமாயனுக்கு எழுதவும்.

சோலி என்பதை வேலை என்று மாற்றினாள். சின்னவனின் முகவரியைக் கீழே சேர்த்தாள். கோவும் கவும் திரையில் வேறு வேறாக, யாருக்கும் குழப்பமில்லாமல் நின்றன.

எந்த வழியை எழுதினாலும் அதற்கு ஒரு மெயில் அனுப்பிச் சரிபார்ப்பது வேலையின் முறை. தன் பெட்டியைத் திறந்து, அவர் முகவரியைப் போட்டு, டெஸ்ட் என்று மட்டும் எழுதினாள். வேறு என்னவெல்லாமோ எழுத வந்தது. எழுதவில்லை. அனுப்பினாள்.

உடனே வந்துவிட்டது. அவள் எழுதின வரிதான். ஆனால் வேறு யாரோ அவளுக்குத் தகவல் சொல்லி அனுப்பிய மாதிரி, அவள் பெயருக்கு, அவள் பெட்டியில் வந்து நின்றது. கோ. காசிமாயன் தவறிவிட்டார். ஒரு தடவை படித்தாள். உதட்டை மட்டும் அசைத்து, சத்தமில்லாமல், இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

பானு கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினாள். நேற்றிலிருந்து அவளுக்கு உள்ளே வரப் பயம்.

"என்னக்கா, போகுதா?"

"போகல. திரும்பி வந்துருச்சு."

"அப்பச் சரியா வேலை செய்யலையாக்கா?"

பொன்னுமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியாத்தான் செய்யுது" என்றாள்.